அஜாயப் சிங்கின் ஈக்கள்

1

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. அதை மறைத்து, ஏதோ தானாக ஊற்றெடுத்தது போலப் பாவனை செய்ய எனக்கு இஷ்டமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜஸ்கிரண் கௌர் ஒருநாள் என் சமையலறைக்கு வந்தாள். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்து, இப்போது என்ன கதை என்று கேட்டாள். ஒருவர் மழையை வேடிக்கை பார்த்தபடி பழைய காதலியை நினைத்துக்கொள்ளும் கதை என்றேன்.

"அப்புறம்?"

அப்புறம் மழை நின்றுவிடும் என்றேன்.

"ஏன்க்கா, உங்க கதையில வர்றவங்களுக்கெல்லாம் வேலைவெட்டியே கிடையாதா? உக்காந்து ஏங்கிட்டே இருக்காங்க. என் ஈயைப் பத்தி எழுதுங்களேன். அது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே மழைக்காரரைக் கிழித்துப் போட்டேன். ஆகவே இது பழ ஈயைப் பற்றிய கதை. தலைப்பிலேயே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று நீங்கள் நினைக்கலாம். பரவாயில்லை. ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் இந்த வூல்கூல்கா ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை உங்களிடம் மட்டும் ஒளித்துவைப்பது அழகல்ல.

2

தொடக்கங்கள்:

விடியலின் பொன்னொளி புளூபெர்ரிச் செடிகளின் மீது மெல்லப் படர்ந்த— (வேண்டாம். தோட்டம் முழுக்கப் பறவை வலை போட்டிருக்கிறது. பொன்னொளி வந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் விழும்.)

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்பது இன்றைய விவசாயத்தில்— (இது கதை இல்லை. மருந்துக் கடைச் சுவரில் ஒட்டுகிற தாள்.)

ஜஸ்கிரணுக்கு ஈ என்றால் உயிர். (பொய். ஆனாலும் முழுப் பொய் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒரு ஈயின் இடுப்பைப் பார்த்து அவள் பூரித்துப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.)

அஜாயப் சிங் செவ்வாய்க்கிழமைதோறும் மருந்து அடிப்பார்.

இது நன்றாக இருக்கிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

3

அஜாயப் சிங் செவ்வாய்க்கிழமைதோறும் மருந்து அடிப்பார். பூச்சி இருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். பூச்சி வந்த பிறகு டிராக்டரை எடுக்கிறவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. வாழைத் தோட்டத்தை அழித்துவிட்டு இந்த மலைச்சரிவில் முதன்முதலில் புளூபெர்ரி வைத்த சிலரில் அவரும் ஒருவர். அப்போது சிரித்தவர்கள் எல்லாம் பிறகு அவரிடமே வந்து நாற்று கேட்டார்கள். அதனால் தன் கட்சி தோற்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருடைய மருமகள் ஜஸ்கிரணுக்குத் தொழிலே பூச்சி பார்ப்பது. கழுத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவாள். இலையைத் திருப்பிப் பார்ப்பாள், பொறியைத் திறந்து பார்ப்பாள், இந்த வாரம் மருந்து வேண்டாம், இந்த வாரம் அந்த மூலையில் மட்டும் அடியுங்கள் என்று சொல்வாள். ஊரே அவள் பேச்சைக் கேட்டது. சொந்த வீட்டில் மட்டும் செவ்வாய்க்கிழமை வந்தால் டிராக்டர் உறுமியது.

(இங்கே கணவன் தில்பாக்கைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். பிரிஸ்பேனுக்கு லாரி ஓட்டுகிறவன், நல்லவன், வீட்டில் இருந்தால் தூங்குகிறவன். ஜஸ்கிரணிடம் படித்துக் காட்டினேன். "இவனைத் தூக்கிடுங்கக்கா, நிஜத்துலயே பாதி நாள் இருக்கறதில்ல" என்றாள். தூக்கிவிட்டேன்.)

அவள் சொன்ன நியாயம் எளிமையானது. மருந்து கெட்ட பூச்சியோடு நல்ல பூச்சியையும் கொல்கிறது. பொறிவண்டு போய்விட்டால் அது தின்னும் அசுவினிப் பூச்சி கும்மாளம் போடும். அது தவிர, மருந்து அடித்தால் சில நாள் பழத்தைத் தொடக்கூடாது. அதற்குள் பழுத்தது குழைந்துவிடும். அஜாயப் சிங் இதையெல்லாம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார்.

"இந்தப் பருவம் மேல் தோட்டம் உன்னுது. டிராக்டர் அந்தப் பக்கம் வராது. ஆனா பேக்கிங் கொட்டகையில ஒரே ஒரு புழு மாட்டுச்சுன்னாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வண்டியை எடுப்பேன். அப்புறம் இந்த வீட்டுல பூச்சியைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரிங்க பாப்பாஜி" என்றாள் மாமனாரிடம்.

சொல்லிவிட்டு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம், வெங்காயம் நறுக்கினாளாம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் பயந்தது டிராக்டருக்கு அல்ல. தான் படித்ததை, தினமும் கண்ணால் பார்ப்பதை, சொந்தச் சாப்பாட்டு மேசையில் சொல்ல முடியாமல் போய்விடுமே என்றுதான் பயந்தாள்.

4

இந்தப் பகுதி கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும். தாண்டிப் போகிறவர்கள் போகலாம், ஆனால் ஈ எங்கே போகிறது என்று தெரியாமல் பின்னால் முழிக்கக் கூடாது.

பெண் ஈ* பழத்தின் தோலுக்கடியில் முட்டை வைக்கும். வெளியே ஊசி குத்தின அளவுகூடத் தெரியாது. உள்ளே புழு பிறந்து, தின்று, பழம் கீழே விழுந்ததும் வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு ஈயாக வரும். வந்ததும் மறுபடி மேலே பார்க்கும்.

(* செம்பழுப்பு நிறம், இடுப்பில் மஞ்சள் கோடு, வீட்டு ஈயைவிடச் சிறியது. அருகிலிருந்து பார்த்தால் அழகாகவே இருக்கும். நான் சொன்னேன் என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.)

ஜஸ்கிரண் முதலில் ஆண் ஈக்கு வாசனைப் பொறிகளைத் தொங்கவிட்டாள். அது பிடிப்பதற்கல்ல, வேவு பார்ப்பதற்கு. எந்தப் பக்கம் கூட்டம் என்று பொறி சொல்லிவிடும். பெண் ஈக்கு விருந்து வைத்தாள். முட்டை வைக்க அதற்குப் புரதச் சத்து வேண்டும். அந்தச் சத்தில் துளி விஷம் கலந்து, வரிசைக் கோடியில் உள்ள இலைகளில் மட்டும் தெளித்துவிட்டால் தானே தேடி வந்து சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகும். செடி முழுக்க நனைக்க வேண்டாம், பொறிவண்டுக்கும் சேதமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விழுந்த பழம். ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். பழம் பறிக்கிறவர்கள் இடுப்பில் இரண்டாவது வாளியையும் கட்டிக்கொள்ளச் சொன்னாள். முணுமுணுத்தார்கள், கட்டிக்கொண்டார்கள். அந்தக் கழிவுப் பழத்தைக் கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் ஒரு வாரம் கிடத்த வேண்டும். உள்ளே எல்லாம் வெந்து அடங்கிவிடும்.

எல்லாம் சரியாகப் போயிற்று. மேல் தோட்டத்துப் பொறிகள் காலியாகத் தொங்கின. ஊர்ப் பழமெல்லாம் போய்ச் சேரும் பேக்கிங் கொட்டகையில் மாதிரி எடுத்துப் பார்க்கும் ரோண்டா ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அஜாயப் சிங் பந்தயத்தை மீறவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கீழ்த் தோட்டத்துக்கு மட்டும் மருந்து அடித்துவிட்டு டிராக்டரைக் கழுவி நிறுத்தினார்.

பிறகு தோட்டத்துக் கொட்டகையை ஒட்டிய பொறிகளில் மட்டும் ஈ கொத்துக் கொத்தாக விழத் தொடங்கியது.

5

இங்கே இதைத் துப்பறியும் கதையாக மாற்றிவிடலாமா என்று எனக்குச் சபலம் வந்தது. சந்தேகத்துக்கு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரர். வலையைக் கிழிக்கும் கிளிகள். என் கொல்லையில் நிற்கும் கொய்யா மரம்கூட. (ஜஸ்கிரண் நிஜமாகவே வந்து என் கொய்யாவைச் சோதித்தாள். ஒவ்வொரு காய்க்கும் துணிப்பை கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் இரண்டு காயைப் பறித்துக்கொண்டு போனாள்.)

ஆனால் உண்மை இப்படி இழுபடவில்லை. அவள் கறுப்புப் பைகளைச் சணல் கயிற்றால் கட்டுவது வழக்கம். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால், சில பைகள் நீலநிற மல்மல் துணிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தன. அழகான முடிச்சு. அந்த வீட்டில் நீலத் தலைப்பாகை கட்டுகிறவர் ஒருவர்தான். நைந்துபோனதைக் கிழித்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறவரும் அவர்தான்.

கொட்டகை ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். அஜாயப் சிங் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. மடியில் எவர்சில்வர் பாத்திரம். பையை அவிழ்த்து ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதென்று பட்டதைப் பாத்திரத்தில் போட்டார். மிச்சத்தைப் பழைய தோட்டத்திலிருந்து அழிக்காமல் விட்டுவைத்திருந்த சில வாழைகளுக்கு அடியில் பரப்பினார். செடிக்கு எரு, கிளிக்குத் தீனி. எதுவும் வீணாகவில்லை. உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

பாத்திரத்துப் பழம் எங்கே போகிறது என்றும் அவளுக்கு அப்போது புரிந்தது. சில வாரமாகச் சீக்கியர் கோயிலான குருத்துவாராவின் லங்கர் என்னும் பொதுப் பந்தியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊதா நிறப் பாயசம் போட்டார்கள். ஊரே சப்புக்கொட்டியது. யார் பழம் கொடுத்தது என்று கேட்டால் சமையல்காரர்கள் வானத்தைக் காட்டினார்கள். ஜஸ்கிரண் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். (நான் மூன்று முறை. வெந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.)

உணவைத் தூக்கி எறிவது அவருக்கு முடியாத காரியம். பை பையாகப் பழத்தை வெயிலில் அழுகவிடுவதைப் பார்த்து அவர் மனம் பதறியிருக்கிறது. மருமகளிடம் கேட்டால் மறுப்பாள், பந்தயமும் நடுவில் இருக்கிறது. அதனால் கேட்காமலே புண்ணியம் செய்தார். அதில் ஒரு பங்கு ஈக்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

6

இப்போது அவள் என்ன செய்வாள்? எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

முதல் வரைவில் அவள் கொட்டகை மறைவிலிருந்து வெளியே வந்து, "இதுதான் உங்க நியாயமா பாப்பாஜி?" என்று கத்தினாள். அவர் தலைகுனிந்தார். படித்துக் காட்டியபோது ஜஸ்கிரண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானா? அவர் முன்னாடியா? நீங்க வேற யாரையோ எழுதறீங்க" என்றாள்.

இரண்டாவது வரைவில் அவள் எதுவும் பேசாமல் கண்ணீரோடு திரும்பிப் போனாள். அதற்கும் சம்மதிக்கவில்லை. கண்ணீர் விட்டால் ஈ குறையுமா என்று கேட்டாள்.

மூன்றாவது வரைவை நான் படிக்க, அஜாயப் சிங்கே கேட்டார். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். அதில் அவர் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே பையைத் திறப்பதாக எழுதியிருந்தேன். உரிப்பதை நிறுத்தினார்.

"என்னைக் கெட்டவனா எழுதிக்கோ, பரவாயில்ல. ஆனா பழத்தை வச்சு நான் சூழ்ச்சி செஞ்சேன்னு எழுதாதே. அது என் கையில வராது."

அதையும் கிழித்தேன். அப்புறம் தன் பேச்சை என் தமிழில் எப்படி எழுதுகிறேன் என்று விசாரித்தார். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் பேசுவது போல என்றேன். திருப்திப்பட்டுப் பட்டாணிக்குத் திரும்பினார்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். நடந்தது என் மூன்று வரைவையும்விடக் குறும்பானது.

7

ஜஸ்கிரண் அவர் பார்க்காத நேரம் அவருடைய பாத்திரத்திலிருந்தே ஒரு பிடி நல்ல பழத்தை எடுத்தாள். அவர் பொறுக்கியது, அவர் தேர்ந்தது. ஊறுகாய் பாட்டில் ஒன்றில் ஈர மணல் போட்டு, மேலே அந்தப் பழத்தை வைத்து, வாயை அவருடைய நீலத் துணிக் கிழிசலாலேயே கட்டினாள். சாப்பாட்டு மேசையில் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

கழிவுப் பைகளைக் குளிர் அறைக்கு மாற்றிப் பூட்டினாள். பறவைகள் கிழிக்கின்றன என்று காரணம் சொன்னாள். வாழைகளுக்கு அடியில் கிடந்ததை அள்ளி அப்புறப்படுத்தி, மண்ணின் மேல் கெட்டியாகத் தார்ப்பாய் போட்டு ஓரங்களைப் புதைத்தாள். கொட்டகை ஓரத்து இலைகளில் விருந்தை இரட்டிப்பாக்கினாள். அடுத்த ஞாயிறு பந்தியில் பாயசம் வெள்ளையாக வந்தது. அஜாயப் சிங் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பாட்டிலில் என்ன என்று மட்டும் கேட்டார். "ஒண்ணு வளருதான்னு பாக்கறேன் பாப்பாஜி" என்றாள். விவசாயிக்கு அந்த வார்த்தை போதும். மறுநாள் அவரே பாட்டிலை வெயில் படுகிற ஜன்னலுக்கு மாற்றிவைத்தார். மணல் காய்ந்தால் துணியின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். வாரக்கணக்கில் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அவளுக்கு அப்போது வரவில்லையாம்.)

ஒரு காலை பராட்டாவைத் தயிரில் தொட்டபடி ஜன்னலைப் பார்த்தவர் கை அப்படியே நின்றது. பாட்டில் முழுக்க ஈ. இடுப்பில் மஞ்சள் கோட்டோடு கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

எழுந்து போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தப் பழம்?"

"நீங்க நல்லதுன்னு எடுத்து வச்சது பாப்பாஜி. மிச்சத்தை நான் தொடல."

 அவர் பாதிப் பராட்டாவைத் தட்டில் விட்டுவிட்டு வெளியே போனார். அந்த வீட்டில் அவர் தட்டில் மிச்சம் இருந்து யாரும் பார்த்ததில்லை. ஜஸ்கிரண் ஜெயித்துவிட்டாள், ஆனால் அந்த மிச்சப் பராட்டாவை எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இந்தப் பாழாய்ப்போன பாட்டிலை வைக்காமலே இருந்திருக்கலாமே என்று என்னிடம் ஓடிவந்து புலம்பினாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அன்று பொழுது சாயும்வரை அவர் குருத்துவாராவில் பாத்திரம் கழுவினார் என்று கேள்விப்பட்டோம். அவர் வயதுக்காரர்களை யாரும் பாத்திரம் கழுவ விடுவதில்லை. தடுத்தவர்களையும் அதட்டி அனுப்பினாராம்.

மறுநாள் அவளிடம் வந்து கையை நீட்டினார்.

"குளிர் அறைச் சாவியைக் குடு. விழுந்த பழம் இனி என் பொறுப்பு. முதல்ல உறைய வைக்கறேன். அப்புறம் வெயில்ல போடறேன். போதுமா, இல்ல சுடணுமா?"

"போதும் பாப்பாஜி. ஆனா லங்கர் பாயசத்துக்கு?"

"அதுக்குச் செடியிலேர்ந்து பறிச்சுக் குடுக்கறேன். குருவோட பந்திக்கு நான் விழுந்த பழத்தைக் குடுத்திருக்கேன் பாரு, ஏன்னு என்னை யாரும் கேக்கல."

8

முடிவுக்கு வந்துவிட்டோம். மேல் தோட்டத்தின் கொட்டகை ஓரத்து வரிசைகளில் பழம் பழுத்துவிட்டது. ஈ அதிகம் திரிந்த இடம் அதுதான். புழு இருக்குமானால் அதில்தான் இருக்கும். பெட்டிகள் பேக்கிங் கொட்டகைக்குப் போகும் அன்று ஜஸ்கிரணுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு முடிவு: மாதிரியில் எதுவும் இல்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். (இனிப்பு ஜாஸ்தி. நீங்களே துப்பிவிடுவீர்கள்.)

இன்னொரு முடிவு: ஒரு புழு. செவ்வாய்க்கிழமை டிராக்டர் உறுமுகிறது. அவள் ஜன்னலோரம் நின்று மழையை— (நாசமாய்ப் போக. மழைக்காரர் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்.)

மூன்றாவது, நான் கண்ணால் பார்த்தது. என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். யாரும் கூப்பிடாமலே அஜாயப் சிங் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார், கஞ்சி போட்ட புதுத் தலைப்பாகையோடு. 

ரோண்டா பெட்டிகளிலிருந்து அங்கங்கே பழம் எடுத்து, லேசாக நசுக்கி, அகலத் தட்டில் போட்டு நாட்டுச் சர்க்கரை கரைத்த தண்ணீரை ஊற்றினாள். பழம் அடியில் தங்கும், புழு இருந்தால் மேலே மிதக்கும். கொஞ்ச நேரம் பிடிக்கும். ஜஸ்கிரண் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் கழுத்துக் கண்ணாடியின் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தன.

அப்போதுதான் அஜாயப் சிங் தொண்டையைச் செருமினார்.

"ரோண்டா, அதைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பந்தயம் வச்சவன் நான். ஈ வளத்தவனும் நான். ஏதாவது மிதந்தா அது என் புழு, இவளுது இல்ல. மேல் தோட்டத்தை அடுத்த வருஷமும் இவதான் பாத்துக்குவா."

ரோண்டாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஜஸ்கிரண் சுவரிலிருந்து திரும்பினாள்.

"கீழ்த் தோட்டம்?" என்று கேட்டாள்.

 கிடைத்ததோடு வாயை மூடிக்கொள்வாள் என்றுதான் எந்த வரைவிலும் எழுதியிருப்பேன். அவர் அவளை முறைத்தார். மீசைக்குள் என்னவோ அசைந்தது.

"செவ்வாய்க்கிழமை என்னோட வந்து இலையைத் திருப்பிக் காட்டு. பூச்சி இல்லேன்னா வண்டியை எடுக்கல."

இதற்கு மேல் எழுத மாட்டேன். தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் சொந்தச் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்க முடியாமல் போய்விடுமே என்று அவள் பயந்தது நீங்கிவிட்டது, அதை நீக்கியது தட்டு இல்லை. இந்த இடத்தில் புழுவைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் கதை அந்தத் தட்டிடம் போய்விடும். அதற்கு நான் விடமாட்டேன்.

உங்களுக்குப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வாருங்கள், இடம் இருக்கிறது. அஜாயப் சிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் குனிந்துவிட்டார், கொஞ்சம் நகரச் சொல்லுங்கள். கலங்கின தண்ணீர் இப்போதுதான் தெளிகிறது. என்ன தெரிந்தாலும் அவரிடமே சொல்லுங்கள். ஜஸ்கிரண் கீழ்த் தோட்டத்துக்குப் பொறி எத்தனை வேண்டுமென்று ரோண்டாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், அவளைக் கூப்பிடாதீர்கள்.